இருபதுக்கு எட்டு

இம்பீரியல் ரோட்டில் நான் டிசைன் போடும் ஃப்ளெக்ஸ் கடைக்கு
ஒரு பள்ளிக்கூட கரஸ்பாண்டென்ட் தாளோடு வந்தார்.
மேதைகள் பன்னிரண்டு பேர்.
பெயருக்குப் பக்கத்தில் ஐ.க்யூ.
அதற்கும் பக்கத்தில் ஆளுமை வகையாம்,
ஆங்கிலத்தில் நாலெழுத்து.
அளவு இருபதுக்கு எட்டு.
திங்கட்கிழமை அட்மிஷன்.

நாலெழுத்து படித்தவர்களைத் தெரியும்.
நாலெழுத்திலேயே முடிந்துபோனவர்களை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழாமவர் செத்து முந்நூறு வருஷம்.
பரீட்சையே பிறக்காத காலத்தில்
அவருக்கு யார் சார் பேப்பர் திருத்தினது என்றேன்.
"நெட்ல இருக்கும்மா."
இருந்தது.
ஓரிடத்தில் நூற்று அறுபது,
ஓரிடத்தில் நூற்றுத் தொண்ணூறு,
இன்னோரிடத்தில் இருநூற்றைந்து.
போன் போட்டுக் கேட்டேன்.
"பெரிசைப் போடு."

எனக்கு எண் என்றால் அகலம்.
ஒன்று ஒல்லி, இருக்குமிடம் தெரியாது.
எட்டு இடித்துக்கொண்டு உட்காரும்.
ஓவியரின் 141ஐக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்,
விஞ்ஞானியின் 188க்கு
பார்வைக்குச் சமமாக நின்றார்.
யாரும் புகார் சொல்லவில்லை.

பன்னிரண்டாமவர் நம்மவர்.
அவருக்கு எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை.
"நீயே பாத்து ஏதாவது போட்டுடும்மா."

ராத்திரி, மிஷின் ஓட ஓட
நானும் அந்தச் சோதனையைத் திறந்தேன்.
அறுபது கேள்வி.
விருந்துகளில் முன்பின் தெரியாதவர்களிடம்
நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா?
முன்பின் தெரியாதவர்கள்தான்
என்னிடம் வருகிறார்கள், இரண்டு மணிக்கு,
ரேஷன் கார்டிலிருந்து
ஒரு முகத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தரச்சொல்லி.
இதை விருந்தில் சேர்க்கலாமா என்று
அதில் போடவில்லை.
நடு வட்டத்தை அழுத்தினேன்.

நாற்பத்தொன்றாம் கேள்வியில் ஷட்டரைத் தட்டினார்கள்.
அக்கரைக்கோரி மாயவன்.
சம்சாரம் அஞ்சலாட்சி, துறைமுகத்தில் மீன் ஏலம் கூறியவர்,
சாயங்காலம் தவறிவிட்டார்.

தோற்றம் என்றைக்கு என்றேன்.
ரேஷன் கார்டில் ஒரு வயசு,
வோட்டர் ஐடியில் ஒரு வயசு,
ஆதாரில், ஊரில் பாதிப் பேரைப் போல,
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்.
பழக்கதோஷம், வாய் வந்துவிட்டது:
"பெரிசைப் போட்டுடவா?"

"தெரியாததப் போடாதம்மா.
அவ கணக்குல கறாரு.
கூடையோட நிழலப் பாத்தே எடை சொல்லுவா,
தராசுதான் முன்னப்பின்ன இருக்கும்.
எட்டணா கூட வந்துருச்சுன்னு
ஓ.டி.லேர்ந்து மஞ்சக்குப்பம் வரைக்கும்
நடந்து வந்து குடுத்துட்டுப் போனவ.
அப்ப கல்யாணம் ஆகி மூணு நாளு.
நான் வீட்ல சோறு இல்லாம உக்காந்திருக்கேன்."

அன்பே உருவான என்று ஆரம்பிக்கட்டுமா,
எல்லோருக்கும் போடுவதுதான்.
கொஞ்சம் யோசித்தார்.
"போடு. ஆனா கோவக்காரி."

தோற்றம் என்ற சொல்லையே எடுத்துவிட்டேன்.
மறைவு மட்டும் ஓரமாய்
ஒரு தட்டுத் தராசுபோல் சாய்ந்து நின்றது.
நடுவுக்கு நகர்த்தினேன்.
சரியா என்றேன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை,
மிஷினிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த
பெரிய மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இவங்கள்லாம் எப்ப செத்தாங்க?"

கரண்ட் போனது.

வந்தபோது என் சோதனை
முதல் கேள்விக்கே திரும்பியிருந்தது.
விருந்துகளில் முன்பின் தெரியாதவர்களிடம்
என்று ஆரம்பித்தது.
மூடிவிட்டு
அஞ்சலாட்சியை முதலில் ஓட்டினேன்.

காலையில் தேசிங்கு ரீப்பர் அடிக்கும்போதுதான் தெரிந்தது,
ஏழாமவர் நெற்றியில் ஒரு வெள்ளைக்கோடு,
மிஷின் நின்ற இடம்.
சிந்தனைச் சுருக்கம் சார் என்றேன்.
கரஸ்பாண்டென்ட் இருநூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்.
பிறகு வரிசையைக் கடைசிவரை பார்த்து,
"இங்க ஏம்மா காலியா கெடக்கு?
ஸ்கூல் செல் நம்பரை ஒட்டிடு."

ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினேன்,
நம்மவர் பெயருக்கு நேராகப் பத்து இலக்கம்.
பன்னிரண்டு பேரில்
அவருக்குத்தான் அதிகம்.